பதினோராம் வயதின் தீர்ப்பு: இங்கிலாந்தின் பொதுமைப் பள்ளிகளும் திருச்சபையும்

ஒரு பிள்ளையின் அறிவாற்றலை அதன் பதினோராம் வயதில் அளந்து, அந்த அளவைக்கொண்டு அதன் வருங்காலத்தை வகுத்துவிட இயலுமா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து இவ்வினாவுக்கு இயலும் என்று சட்டபூர்வமாகவே விடையளித்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அவ்விடையை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. நுழைவுத் தேர்வின்றி, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துப் பயிற்றும் முறை இவ்வாறுதான் அந்நாட்டில் வேரூன்றியது. இத்தகைய பள்ளியை இக்கட்டுரையில் பொதுமைப் பள்ளி எனக் குறிப்பிடுவோம். இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று வழங்கும் பள்ளிகள் கட்டணம் பெற்றுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பயிற்றுவன. பெயரைக்கண்டு மயங்கி இரண்டையும் ஒன்றென எண்ணிவிடலாகாது.

இவ்வரலாறு இறையியல் பயில்வோருக்கு எவ்வாறு உரியது என்று சிலர் வினவக்கூடும். இம்முறைக்கு வித்திட்ட 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஒரு கான்டர்பரி பேராயரின் ஒத்துழைப்பின்றி நிறைவேறியிருக்க இயலாது. மேலும், எவரைச் சேர்ப்பது, எவரை விலக்குவது என்னும் வினா, பள்ளி நடத்தும் எந்தத் திருச்சபையின் வாயிலிலும் ஆண்டுதோறும் வந்து நிற்கிறது.

சட்டத்திற்கு முன்

1902-ஆம் ஆண்டின் சட்டம் வட்டாரக் கல்விக் குழுக்களை ஏற்படுத்தி, உயர்நிலைக் கல்விக்கு அரசுப் பணம் செல்ல வழிவகுத்தது. 1907-ஆம் ஆண்டு முதல், அரசு மானியம் பெறும் உயர்நிலைப் பள்ளிகள் தம் இடங்களில் நான்கில் ஒரு பங்கினை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக அளிக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. அவ்விடங்களை நிரப்புவதற்கென எழுந்த போட்டித் தேர்வே பிற்காலத்துப் பதினோராம் வயதுத் தேர்வின் மூலம். எஞ்சிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் 14 வயதுவரை ஆரம்பப் பள்ளியிலேயே இருந்து, பின்னர் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ சென்றனர்.

இந்நிலையை எதிர்த்து எழுந்த குரல்களுள் ஆர். எச். டானியின் குரல் தலையாயது. பொருளாதார வரலாற்றறிஞரும் ஆங்கிலிக்கன் சபையின் உறுப்பினருமான அவர், அனைவருக்கும் உயர்நிலைக் கல்வி வேண்டுமென வாதிடும் நூலொன்றைத் தொழிற்கட்சிக்காக 1922-இல் எழுதினார். அவரும் வில்லியம் டெம்பிளும் ரக்பி பள்ளியில் ஒன்றாகப் பயின்ற நண்பர்கள். தொழிலாளர் கல்விச் சங்கத்தில் டானி மாலை வகுப்புகள் நடத்தினார். டெம்பிள் 1908 முதல் 1924 வரை அச்சங்கத்தின் தலைவராயிருந்தார். பகல் முழுதும் உழைத்துக் களைத்த நெசவாளரும் மண்பாண்டத் தொழிலாளரும் இரவில் அமர்ந்து பொருளாதார வரலாறு பயின்றதைக் கண்ட அனுபவம், அறிவு என்பது சிலருக்கு மட்டுமே வாய்த்த கொடை என்னும் எண்ணத்தை இவ்விருவரிடமும் தகர்த்துவிட்டது எனலாம். இச்செய்தியை நாம் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. அவர்களுடைய கல்விக் கொள்கை ஏட்டிலிருந்து பிறந்ததன்று. வகுப்பறையில், வயதுவந்த உழைப்பாளிகளின் நடுவே பிறந்தது.

1944-இல் நிகழ்ந்த உடன்பாடு

1941-இல் கல்வி வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற ஆர். ஏ. பட்லர், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கல்விச் சீர்திருத்தத்தில் முனைந்தார். அவர் எதிர்கொண்ட பெருந்தடை சமயத் தடையே. நாட்டின் ஆரம்பப் பள்ளிகளில் பெரும் எண்ணிக்கையானவை திருச்சபைகளுக்கு உரியவை. அவற்றுள்ளும் மிகுதியானவை ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தவை. பொது வரிப்பணம் சபைப் பள்ளிகளுக்குச் செல்வதை மெதடிஸ்ட், பாப்திஸ்து, காங்கிரிகேஷனல் சபையார் நெடுங்காலமாக எதிர்த்து வந்தனர். ஆங்கிலிக்கன் பள்ளி ஒன்றே இருந்த நாட்டுப்புற ஊர்களில் தம் பிள்ளைகளும் அதிலேயே பயில நேர்ந்தது அவர்களுக்கு ஆறாத மனக்குறையாய் இருந்தது. உரோமன் கத்தோலிக்கரோ தம் பள்ளிகளின் முழு உரிமையை எதற்கும் விட்டுக்கொடுக்க இசையவில்லை.

டெம்பிள் 1942-இல் கான்டர்பரி பேராயரானார். பழுதடைந்தவையென அரசு பட்டியலிட்டிருந்த பள்ளிக் கட்டடங்களில் பெரும்பகுதி திருச்சபைகளுக்கு உரியவை என்னும் உண்மையைப் பட்லர் அவர்முன் புள்ளிவிவரங்களுடன் வைத்தார். சபையின் பெருமையைக் காக்கும்பொருட்டு ஒழுகும் கூரையின்கீழ்ப் பிள்ளைகளை அமர்த்திவைப்பது தகாது என்பதை டெம்பிள் உணர்ந்தார். விளைவாகப் பிறந்த உடன்பாட்டின்படி சபைப் பள்ளிகளுக்கு முக்கியமாக இரு வழிகள் திறக்கப்பட்டன. உதவி பெறும் பள்ளியாக நிற்பின், கட்டடச் செலவில் பாதியைச் சபை ஏற்க வேண்டும். ஆசிரியர் நியமனத்திலும் சமயப் போதனையிலும் சபைக்கு உரிமை நிலைக்கும். கட்டுப்பாட்டுப் பள்ளியாக மாறின், செலவு முழுவதையும் வட்டாரக் கல்விக் குழு ஏற்கும். சபையின் உரிமை குறுகிவிடும். கத்தோலிக்கர் முதல் வழியையே மேற்கொண்டனர். ஆங்கிலிக்கன் பள்ளிகளுள் பெரும்பான்மையானவை நாளடைவில் இரண்டாம் வழியை ஏற்றன. எல்லாப் பள்ளிகளிலும் நாள்தோறும் பொது வழிபாடும் சமயக் கல்வியும் கட்டாயமாக்கப்பட்டன. சட்டம் 1944 ஆகஸ்டு மாதம் அரச ஒப்புதல் பெற்றது. டெம்பிள் அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே மரித்தார்.

சமயத்தைப்பற்றிய விதிகள்மேல் மூன்றாண்டுகள் வாதம் நடந்தது. உயர்நிலைக் கல்வி எத்தகைய பள்ளிகளில் அளிக்கப்படும் என்பதைப்பற்றியோ அதற்கு ஈடான வாதம் நடைபெறவில்லை. சபைகளின் கவனம் முழுவதும் யாருடைய வினாவிடையைப் பிள்ளை கற்கும் என்பதில் நிலைத்திருந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்னும் வினாவை அவை கல்வி அதிகாரிகளிடம் விட்டுவிட்டன. அக்காலத்துத் திருச்சபைத் தலைமையின் பெருங்குறை இதுவே என்பது எமது துணிபு.

மூவகைப் பள்ளிகள்

மூவகைப் பள்ளி என்னும் சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. வயது, திறன், நாட்டம் ஆகியவற்றுக்கேற்ற கல்வி அனைவருக்கும் இலவசமாக அளிக்கப்படும் என்றே சட்டம் கூறிற்று. ஆயினும் 1938-இல் வெளியான ஸ்பென்ஸ் அறிக்கையும் 1943-இல் வெளியான நார்வுட் அறிக்கையும் நிலத்தை முன்னரே பண்படுத்தி வைத்திருந்தன. கல்வியைக் கல்விக்காகவே நாடும் பிள்ளைகள் ஒருவகை. இயந்திரங்களிலும் செயல்முறை அறிவிலும் நாட்டமுள்ளோர் ஒருவகை. கருத்துகளைவிடக் கண்கூடான பொருள்களையே எளிதிற் கையாளுவோர் ஒருவகை என்று நார்வுட் அறிக்கை மனித மனத்தை மூன்றாக வகுத்தது. முறையே கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, மாடர்ன் பள்ளி என மூன்று பள்ளிகள் அதற்குப் பொருந்தின. ஆண்டவர் மானிடரை மூன்று அச்சுகளில் வார்த்தார் என்பதற்கு அவ்வறிக்கை யாதொரு சான்றும் காட்டவில்லை.

நடைமுறையில் மூன்று என்பது இரண்டாயிற்று. தொழில்நுட்பப் பள்ளிகளுக்கு வேண்டிய பணமும் ஆசிரியரும் கிட்டாமையால் அவை நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளைக்கூட எட்டவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை கிராமர் பள்ளிக்கும், எஞ்சியோர் பெரும்பாலும் மாடர்ன் பள்ளிக்கும் சென்றனர். 1945-க்குப்பின் வந்த தொழிற்கட்சி அரசும் இதனை மாற்ற முன்வரவில்லை. ஏழைக் குடும்பத்தில் பிறந்து கல்வியால் உயர்ந்த அமைச்சர் எல்லன் வில்கின்சன், கட்டணமில்லாத கிராமர் பள்ளி ஏழைக்குக் கிடைத்த ஏணி என்றே நம்பினார். பள்ளியில் இருக்க வேண்டிய வயதை 15 ஆக உயர்த்திய 1947-ஆம் ஆண்டின் பெருஞ்செயல் அவருடைய முயற்சியின் பலனே. அது நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன் அவர் காலமானார்.

தேர்வு பெரும்பாலும் கணிதம், ஆங்கிலம், அறிவுத்திறன் வினாக்கள் ஆகிய மூன்றையும் கொண்டிருந்தது. பிறவியிலேயே அமைந்த பொது அறிவாற்றலை அளந்தறியலாம் என உளவியலறிஞர் சிரில் பர்ட் முதலியோர் கற்பித்த கொள்கை இத்தேர்வுக்கு அறிவியற் போர்வை அளித்தது. 1971-இல் அவர் இறந்தபின், இரட்டையரைப்பற்றி அவர் வெளியிட்ட எண்கள் நம்பத்தக்கவையல்ல என்னும் ஐயம் எழுந்தது. அவருடைய வரலாற்றை எழுதிய ஹெர்ன்ஷா 1979-இல் அவை புனையப்பட்டவை என்றே முடிவுகட்டினார். பின்னர் அவர் சார்பாக வாதிட்டோரும் உளர். ஆனால் தேர்வின் குறைகளைக் காண அவ்வழக்கின் முடிவுக்காக எவரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டிலேயே, தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம், எத்துணைக் கவனமாகத் தேர்வு நடத்தினும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பிள்ளை தவறான பள்ளியில் சேர்க்கப்படுகிறது என மதிப்பிட்டிருந்தது. கிராமர் பள்ளி இடங்களின் எண்ணிக்கையும் வட்டாரத்துக்கு வட்டாரம் பெரிதும் வேறுபட்டது. வேல்ஸ் நாட்டின் ஒரு மாவட்டத்தில் தேறத்தக்க பிள்ளை, இங்கிலாந்தின் ஓர் ஆலை நகரில் பிறந்திருந்தால் தேறாத பிள்ளை! பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னும் வியப்புக்குரியது. பதினோராம் வயதில் அவர்கள் ஆண்பிள்ளைகளைவிட மிகுந்த மதிப்பெண் பெற்றதால், பல வட்டாரங்களில் இருபாலாருக்கும் தனித்தனி வரம்பு வகுத்து, பெண்களுக்குரிய வரம்பை உயர்த்திவைத்தனர். இயற்கை அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொண்ட அளவுகோல், இருக்கும் இடங்களுக்கேற்ப நீட்டவும் குறுக்கவும் பட்டது.

மாடர்ன் பள்ளிக்குச் சென்றோர் தோற்றவர் என்றே தம்மை உணர்ந்தனர். தேறினால் மிதிவண்டி வாங்கித் தருவதாகப் பெற்றோர் வாக்களிப்பது அந்நாளில் பெருவழக்கு. ஆகவே ஒரு தெருவில் யார் தேறினர், யார் தவறினர் என்பதை மிதிவண்டியே அறிவித்துவிடும். இருவகைப் பள்ளிகளுக்கும் சம மதிப்பு என்று அரசாங்கம் எத்தனை அறிக்கை விட்டபோதிலும், ஒன்றுக்குப் பட்டதாரி ஆசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழக வழியும், மற்றதற்கு நெருக்கமான பழங்கட்டடமும் தொடக்க காலத்தில் பொதுத்தேர்வே இல்லாத படிப்பும் என்றிருந்த நிலையை மறைக்க முடியவில்லை.

மாற்றம் பிறந்த விதம்

பொதுமைப் பள்ளியைப் பலர் தொழிற்கட்சியின் கோட்பாட்டுப் பிடிவாதமெனப் பழிப்பதுண்டு. வரலாறு இதனை முழுவதும் ஆதரிக்கவில்லை. தொடக்க முயற்சிகளுள் ஒன்று வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் நிகழ்ந்தது. சிற்றூர்கள் பரந்துகிடக்கும் அத்தீவில் இருவகைப் பள்ளிகளைத் தனித்தனியே நடத்துவது வீண்செலவு எனக்கண்டு, 1950-களின் முற்பகுதிக்குள் தீவு முழுவதிலும் பொதுமைப் பள்ளிகளை அமைத்தனர். 1957-இல் பதினோராம் வயதுத் தேர்வைக் கைவிடும் திட்டத்தைத் தொடங்கிய லெஸ்டர்ஷயரோ பழைமைக்கட்சிச் சார்புடைய மாவட்டம். லண்டனில் கிட்புருக் என்னுமிடத்தில் 1954-இல் ஏறத்தாழ 2,000 மாணவியருக்கெனப் புதிதாய்க் கட்டிய பொதுமைப் பள்ளி திறக்கப்பட்டபோது, அருகிலிருந்த கிராமர் பள்ளியை அதனோடு இணைக்கக்கூடாதென அமைச்சர் தடுத்துவிட்டார். இவ்வாறு, உயர்ந்த மதிப்பெண் பெற்றோரை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு எஞ்சியோரைக் கொண்டு தொடங்கிய பள்ளிகளும் பொதுமைப் பள்ளி என்னும் பெயரையே தாங்கின. பிற்காலத்தில் எழுந்த பல குற்றச்சாட்டுகளை எடைபோடும்போது இதனை மறந்துவிடலாகாது.

தேர்வுமுறையின் அடித்தளத்தை உண்மையில் அசைத்தவை இரண்டு. ஒன்று, சமூகவியலாரின் ஆய்வு. ஃபிளவுட், ஹால்சி, மார்ட்டின் ஆகியோர் 1956-இல் வெளியிட்ட ஆய்வும், ஜாக்சன், மார்ஸ்டன் இருவரும் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்துத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள் 88 பேரைப்பற்றி 1962-இல் வெளியிட்ட நூலும், திறனைத் தேர்ந்தெடுப்பதாகக் கூறும் முறை வர்க்கத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது எனக் காட்டின. கிராமர் பள்ளியில் இடம் பெற்ற தொழிலாளர் பிள்ளைகளும் பலர் இடையிலேயே விலகினர். நின்று வென்றோர் சிலர் தம் வீட்டின் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் அந்நியராயினர். மற்றொன்று, எளிய கணக்கு. ஐந்தில் நான்கு பிள்ளைகளைத் தவறியோர் என முத்திரையிடும் தேர்வு, காலப்போக்கில் ஐந்தில் நான்கு பெற்றோரின் வெறுப்பைத் தேடிக்கொள்ளும். அவர்களுள் கடைக்காரரும் எழுத்தரும் ஆசிரியரும் இருந்தனர், அவர்கள் வாக்காளர்களும்கூட.

1965 ஜூலை 12-ஆம் நாள் கல்வி அமைச்சர் ஆண்டனி கிராஸ்லண்ட் வெளியிட்ட 10/65 எண்ணுள்ள சுற்றறிக்கை, பொதுமைப் பள்ளி முறைக்கு மாறும் திட்டங்களை அனுப்புமாறு வட்டாரக் கல்விக் குழுக்களைக் கேட்டுக்கொண்டது. கட்டளை என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து, வேண்டுகோளாகவே அது எழுதப்பட்டது. அப்போது பத்தில் ஒரு பிள்ளைக்கும் குறைவாகவே பொதுமைப் பள்ளிகளில் பயின்றனர். 1970-இல் கல்வி அமைச்சரான மார்கரெட் தாட்சர் அச்சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார். எனினும் வட்டாரங்களிலிருந்து வந்து குவிந்த திட்டங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒப்புதலும் அளித்தார். அவர் பதவியிலிருந்த நான்கு ஆண்டுகளில் பொதுமைப் பள்ளியில் பயின்றோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஆறுக்கு மேலாக உயர்ந்தனர். மாற்றத்தைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டின் சட்டத்தை 1979-இல் அவருடைய அரசே நீக்கிற்று. ஆயினும் 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அரசுப் பள்ளி மாணவருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பொதுமைப் பள்ளிகளில் இருந்தனர். 1964 முதல் 1997 வரை இங்கிலாந்தை ஆண்ட பிரதமர் ஐவரும் கிராமர் பள்ளியில் உருவானவர்கள் என்பதும், அப்பள்ளிகளுக்கு முடிவுகட்ட முனைந்த கிராஸ்லண்ட் கட்டணப் பள்ளியில் பயின்றவர் என்பதும் அந்நாட்டார் அடிக்கடி சுட்டும் முரண்.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும்

பொதுமைப் பள்ளியின் முதல் நன்மை ஒரு தீமையின் நீக்கமே. பதினோராம் வயதில் தோற்றவன் என்னும் பெயர் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லாதொழிந்தது. மெதுவாக மலரும் பிள்ளை பதினான்காம் வயதில் கணிதத்தில் முன்னேறினால், பள்ளி மாறாமலே அடுத்த பிரிவுக்குச் செல்ல முடிந்தது. முன்னர் எத்தகுதிச் சான்றுமின்றி வெளியேறிய பெருந்திரளான பிள்ளைகள் ஏதேனும் ஒரு பொதுத்தேர்வை எழுதும் நிலைக்கு வந்தனர். இந்த உயர்வு முழுவதையும் பொதுமைப் பள்ளியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. 1965-இல் வந்த புதிய சான்றிதழ்த் தேர்வும், 1972-இல் பள்ளி வயதை 16 ஆக உயர்த்தியதும் அதற்கு உதவின. மாற்றம் ஏறக்குறைய முழுமையாக நடந்தேறிய ஸ்காட்லாந்தே தெளிவான சான்று அளிக்கிறது. அங்கு மக்ஃபர்சன், வில்ம்ஸ் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, பொதுமைமுறை வேரூன்றியபின் மாணவரின் சராசரித் தேர்ச்சி உயர்ந்ததையும், வர்க்கங்களுக்கிடையிலான வேறுபாடு ஓரளவு குறைந்ததையும் காட்டிற்று. சிறந்த மாணவர் தாழ்ந்துபோவர் என்னும் அச்சம் அங்கு மெய்ப்படவில்லை.

குறைகளை மூடிமறைப்பதும் தகாது. பல வட்டாரங்களில் மாற்றம் போதிய பணமின்றி அவசரமாய் நிகழ்ந்தது. ஒரு மைல் இடைவெளியிலுள்ள இரு பழைய கட்டடங்களுக்கு ஒரே பெயர்ப் பலகையை மாட்டி, இடைவேளையில் ஆசிரியர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிய பள்ளிகள் உண்டு. மேல்வகுப்புக்குப் போதிய மாணவர் வேண்டுமென்பதற்காக ஆயிரம், இரண்டாயிரம் பேர் கொண்ட பள்ளிகளைக் கட்டினர்; தலைமையாசிரியர் தம் பிள்ளைகளின் பெயரறியாத நிலை உருவாயிற்று. கிராமர் பள்ளி மரபில் வந்த ஆசிரியரும் மாடர்ன் பள்ளி மரபில் வந்த ஆசிரியரும் ஓரறையில் அமர்ந்து ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கினர்.

இதனினும் ஆழமான குறை, வாயிலில் ஒழித்த தேர்வு வகுப்பறைக்குள் திரும்பி வந்தது. முதலாண்டிலேயே பிள்ளைகளைத் தரவாரியாகப் பிரித்து, மேல்தரத்தாருக்கு லத்தீனும் கீழ்த்தரத்தாருக்கு மரவேலையும் கற்பித்த பள்ளிகள் பல. லண்டன் பொதுமைப் பள்ளியொன்றை ஆராய்ந்து ஜூலியன் ஃபோர்டு 1969-இல் வெளியிட்ட நூல், அங்குத் தரப்பிரிவு ஏறத்தாழ வர்க்கப்பிரிவாகவே இருந்ததைக் காட்டிற்று. வேறு சில பள்ளிகள் எல்லாத் திறத்தாரையும் ஒரே வகுப்பில் அமர்த்தின. ஆனால் அத்தகைய வகுப்பை நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தாரில்லை. பின்லாந்து இவ்வகையில் விவேகமாய் நடந்துகொண்டது. 1972 முதல் 1977 வரை வடகோடியிலிருந்து தெற்கு நோக்கிப் படிப்படியாகப் பொதுமுறையைக் கொணர்ந்து, அதே காலத்தில் ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு உயர்த்தி, 1985-இல்தான் பாடத் தரப்பிரிவை முற்றிலும் நீக்கிற்று. இங்கிலாந்து பள்ளியை மாற்றிய வேகத்தில் ஆசிரியரை ஆயத்தப்படுத்தவில்லை.

அடுத்த குறை குடியிருப்பைச் சார்ந்தது. வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு பள்ளி எனில், வட்டாரம் எத்தன்மையதோ பள்ளியும் அத்தன்மையதே. வசதியுள்ளோர் நல்ல பள்ளியைச் சுற்றி வீடு வாங்கினர். வீட்டு விலை நுழைவுக் கட்டணமாயிற்று. லண்டன் உள்நகரக் கல்விக் குழு, மூவகைத் திறத்தாரும் உரிய விகிதத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் அமையுமாறு பங்கிட்டு இதனைத் தடுக்க முயன்றது. பெற்றோர் விருப்பத்துக்கு முதன்மை தந்த 1980-ஆம் ஆண்டுச் சட்டமும் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தபின் அத்தகைய முயற்சி கடினமாயிற்று. மானியம் பெற்ற சிறப்புக் கிராமர் பள்ளிகளின் மானியத்தை 1970-களின் நடுவில் நிறுத்தியபோது, அவற்றுள் பெரும்பாலானவை கட்டணப் பள்ளிகளாக மாறி ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவடைத்தன. கத்தோலிக்கப் பள்ளிகள் பலவே பொதுமுறைக்குள் வந்தன. சமத்துவத்துக்காக எடுத்த முடிவு, ஆலை நகரத்து ஏழை மாணவனுக்கு இருந்த ஓரிரு வாயில்களையும் அடைத்தது என்னும் குற்றச்சாட்டை அலட்சியம் செய்ய முடியாது.

ஆயினும் அவ்வேணியில் ஏறியோரை எண்ணுவோர், ஏறாதோரையும் எண்ணுதல் நேர்மை. ஹால்சியும் துணைவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டணம் நீங்கிய பின்பும் கிராமர் பள்ளியில் இடம் பெறுவதில் மேல்வர்க்கத்துக்கும் தொழிலாளர் வர்க்கத்துக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரிதும் குறையவில்லை. இன்றும் இங்கிலாந்தில் கெண்ட், லிங்கன்ஷயர், பக்கிங்காம்ஷயர் முதலிய இடங்களில் 163 கிராமர் பள்ளிகள் எஞ்சியுள்ளன. புதியவற்றைத் தொடங்க 1998-ஆம் ஆண்டின் சட்டம் தடைவிதிக்கிறது. அப்பள்ளிகளில் வறுமை காரணமாக இலவச உணவு பெறும் மாணவர் விகிதம் நாட்டின் சராசரியைவிட மிகக் குறைவு. தனிப்பயிற்சிக்குப் பணமுள்ளவரே தேர்வில் முந்துகின்றனர். ஆகவே பொதுமைப் பள்ளி செய்யத் தவறியதை எடுத்துக்காட்டி, பழைய தேர்வுமுறை அதனைச் செய்தது என்று முடிவுகட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. பள்ளியின் அமைப்பு ஒருபுறமிருக்க, அதன் அக வாழ்வே பிள்ளைகளை வெகுவாக உருவாக்குகிறது என்பதை, லண்டன் உள்நகரப் பள்ளிகள் 12-ஐ ஆராய்ந்து மைக்கேல் ரட்டர் குழுவினர் 1979-இல் காட்டினர். ஒத்த பின்னணியுள்ள பிள்ளைகளைப் பெற்ற பள்ளிகளுக்குள்ளும் ஒழுங்கிலும் தேர்ச்சியிலும் பெருத்த வேறுபாடு இருந்தது.

சபைப் பள்ளியின் வாயில்

பொதுமைப் பள்ளி இயக்கத்தில் சபைகள் பெரும்பாலும் பின்தொடர்ந்தனவேயன்றி முன்நடக்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் வலிமை ஆரம்பப் பள்ளிகளில் இருந்தது. உயர்நிலைப் பள்ளிகள் அதனிடம் சிலவே. பேராயர் இயன் ராம்சே தலைமையில் 1970-இல் வெளியான டர்ஹம் அறிக்கை, சபைப் பள்ளி தன் மக்களைப் பேணுவதற்கு மட்டுமன்றி நாட்டுக்கு ஊழியம் செய்வதற்கும் உளது என்னும் இருமை நோக்கைத் தெளிவுபடுத்திற்று. 2001-இல் வெளியான டியரிங் அறிக்கை, சபை இன்னும் 100 உயர்நிலைப் பள்ளிகளை ஏற்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இருமை நோக்கின் இரு பாகங்களும் ஒன்றோடொன்று மோதுமிடம் சேர்க்கைப் பதிவேடே.

நல்ல பெயர் பெற்ற சபைப் பள்ளியில் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது, ஆராதனைக்கு ஒழுங்காக வருவோரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. வருகையை உறுதிசெய்து படிவத்தில் கையொப்பமிடும் பொறுப்பு ஆயரைச் சேர்ந்தது. விளைவு யாது? பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது திடீரென ஆலயத்தில் தோன்றி, பள்ளியில் இடம் கிடைத்தபின் மறைந்துவிடும் குடும்பங்களை இங்கிலாந்தின் ஆயர்கள் நன்கறிவர். வார நாள்களில் நேரமும் ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வும் உள்ளவருக்கே இவ்வொழுங்கு எளிது. ஞாயிறன்றும் வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது அரிது. பதினோராம் வயதுத் தேர்வு அறிவின் பெயரால் செய்ததை இது பக்தியின் பெயரால் செய்கிறது. அளக்கப்படுவது பிள்ளையின் திறனும் அன்று, பிள்ளையின் விசுவாசமும் அன்று, பெற்றோரின் சாமர்த்தியமே. கையொப்பமிடும் ஆயர், தாம் விரும்பாமலே, தம் சபை மக்களுள் தரம்பிரிக்கும் தேர்வாளராகிவிடுகிறார். திருவிருந்துப் பந்தியில் எவரையும் வருகைப் பதிவு கேட்டு நிறுத்தாத கைகள் அப்படிவத்தில் கையெழுத்திடுகின்றன.

இந்தியருக்கு இவ்வழக்கு அயலானதன்று. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழுவில் லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தின் இயக்குநர் லயனல் எல்வின் உறுப்பினராயிருந்தார். அக்குழு, வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் வேற்றுமையின்றி ஒரே அண்டைப் பள்ளியில் பயிலும் பொதுப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்து தன் சுற்றறிக்கையை வெளியிட்ட காலமும் இதுவே. அங்கு அது பெருமளவு நடந்தேறியது. இங்கு ஏட்டளவில் நின்றது. தமிழ்நாட்டில் 2010-ஆம் ஆண்டின் சட்டம் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், கீழைமொழி என்னும் நான்கு பிரிவுகளுக்கும் சமச்சீர்க் கல்வி என ஒரே பாடத்திட்டத்தைத் தந்தது. எவரை எந்தப் பள்ளி சேர்க்கும் என்பதை அது தொடவில்லை. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கிய 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்திலிருந்து சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் விலக்களித்தது. எனவே இந்தியத் திருச்சபைகளின் பள்ளிகளிலும் வாயிலின் திறவுகோல் பெரும்பாலும் சபைகளின் கையிலேயே உள்ளது.

இங்கிலாந்தில் சபையின் கல்வி வாரியத் தலைவராயிருந்த ஆக்ஸ்போர்டு பேராயர் ஜான் பிரிச்சர்ட், ஆலயத்துக்கு வருவோர்க்கென ஒதுக்கும் இடங்களைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கலாம் என 2011-இல் கருத்துத் தெரிவித்தார். அவ்வாறு குறைப்பின் தேர்ச்சி விகிதம் சில பள்ளிகளில் தாழக்கூடும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. சபை அதனைப் பொதுவிதியாக ஏற்கவில்லை. உதவி பெறும் பள்ளிகளில் சேர்க்கை விதியை வகுப்பது அந்தந்தப் பள்ளியின் ஆளுநர் குழுவே. சில பள்ளிகள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம் தரும் விதிக்கு மாறியுள்ளன. வேறு பலவற்றில், ஆயர் கையொப்பமிடும் அந்தப் படிவம் இன்றும் வழக்கில் உள்ளது.